வெள்ள நிவாரணம்: எந்தத் தலைப்பில், எந்தக் காகிதத்தோடு, எப்போது கேட்பது?

புயலோ வெள்ளமோ வடிந்த மறுநாள் டீக்கடையில் கேட்கும் முதல் கேள்வி, "கவர்மென்ட்ல எவ்வளவு தருவாங்க?" என்பதுதான். இதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. ரேஷன் கடையில் கொடுக்கும் பணத்தை வாங்கிக்கொண்டு, நிவாரணம் முடிந்தது என்று வீடு திரும்பிவிட்டவர்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்தேன். சுவர் விழுந்திருக்கும், மாடு செத்திருக்கும், ஒரு ஏக்கர் நெல் அழுகியிருக்கும். மூன்றுக்கும் தனித்தனித் தொகை உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை கரைபுரண்டபோது, ஆற்றங்கரைக் கிராமத்தில் இருந்த எங்கள் உறவினர்களுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். அப்போது தெரிந்துகொண்டதை, அடுத்த மழைக்காலத்தில் வேறு யாரும் இப்படி அலையக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறை மட்டும்தான் இதில் இருக்கிறது. தொகைகள் 2022-23 முதல் 2025-26 வரைக்குமான மத்திய உள்துறை வரையறைப்படியும், அந்தந்தப் புயலுக்கு மாநில அரசு அறிவித்தபடியும் தரப்பட்டுள்ளன. அந்தக் காலத்துக்குப் பிறகு தொகைகள் மாறியிருக்கலாம். ஆகவே நீங்கள் மனு கொடுக்கும் நாளில் நடப்பில் இருக்கும் அரசாணை எது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு, அதன் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1. பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

"டெல்லியிலிருந்து இன்னும் பணம் வரவில்லை" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். அதை நம்பித் திரும்பிவிடாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பேரிடர் நிவாரண நிதி இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு அதில் நான்கில் மூன்று பங்கை மத்திய அரசும் ஒரு பங்கை மாநில அரசும் போடுகின்றன. மத்தியப் பங்கு ஆண்டுக்கு இரண்டு தவணையாக வரும். புயல் அடித்த பிறகு ஒதுக்கும் பணம் இல்லை இது. நிதிக்குழு பரிந்துரைத்தபடி ஆண்டுதோறும் வந்து சேர்வது. ஃபெஞ்சல் புயலின்போது மத்தியப் பங்கின் இரண்டு தவணைகளையும் சேர்த்து 944.80 கோடி ரூபாயை 2024 டிசம்பர் முதல் வாரத்திலேயே விடுவித்தார்கள்.

மாநிலங்கள் கூடுதலாகக் கேட்டு, மத்தியக் குழு வந்து பார்த்து, பேச்சு மாதக்கணக்கில் நடக்கிறதே, அது தேசியப் பேரிடர் நிவாரண நிதி. அது வேறு. இடிந்த வீட்டுக்கும் செத்த மாட்டுக்கும் வரையறையில் உள்ள தொகை மாநில நிதியிலிருந்தே வர வேண்டியது. வரையறையை விட மாநில அரசு கூட்டிக் கொடுக்கும் தொகை மாநிலத்தின் சொந்தப் பணம்.

இன்னொன்று, பட்டியலில் உள்ள பேரிடருக்குத்தான் இந்த நிதி. புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், ஆழிப்பேரலை, நிலச்சரிவு, தீ ஆகியவை தேசியப் பட்டியலில் உள்ளன. இடி மின்னலும், 2024 முதல் வெப்ப அலையும் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மனுவில் "மழையால்" என்று மொட்டையாக எழுதாமல் "புயல் வெள்ளத்தால்", "மின்னல் தாக்கி" என்று பேரிடரின் பெயரை எழுதுங்கள்.

2. மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவை (ஆகஸ்ட், செப்டம்பர்)

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று ஊருக்கு, மற்றது வீட்டுக்கு.

ஊர் வேலையை முதலில் சொல்கிறேன். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் உண்டு. ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தயாரிப்பது. பெரும்பாலும் மாவட்ட இணையதளத்திலேயே கிடைக்கும். அதில் நீர் சூழும் இடங்களை மிக அதிகம், அதிகம், மிதமானது, குறைவு என்று நான்காகப் பிரித்துப் பட்டியல் போட்டிருப்பார்கள். உங்கள் தெரு அதில் இருக்கிறதா, எந்த நிவாரண முகாமோடு சேர்த்திருக்கிறார்கள், முதல்நிலை மீட்பாளர் என்று யார் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். படகும் பம்புசெட்டும் எங்கே நிற்க வேண்டும் என்பதை இந்தப் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். தெரு விடுபட்டிருந்தால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். தவறினால் அக்டோபர் 2. கிராம சபைத் தீர்மானத்தின் நகலோடு வட்டாட்சியருக்கு மனு கொடுத்தால் அதற்கு ஒரு கனம் இருக்கும். வாய்ப்பேச்சுக்கு அது கிடையாது.

வீட்டு வேலை முழுக்கக் காகித வேலை.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் இப்போதே வாரிசு சான்றிதழும் பெயர் மாற்றமும் வாங்க ஆரம்பியுங்கள். பட்டா, சிட்டாவை அரசின் இ-சேவைத் தளத்தில் கட்டணமில்லாமல் எடுக்கலாம். வாரிசு சான்றிதழ் போன்ற வருவாய்த்துறைச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்.

வீட்டுக்கு வீட்டுவரி ரசீதும் மின் கட்டண அட்டையும் வேண்டும். வீட்டுச் சேதத் தொகைக்கு, அது அனுமதிக்கப்பட்ட கட்டுமானம் என்று தகுதியுள்ள அலுவலர் சான்று தர வேண்டும் என வரையறையே சொல்கிறது. புறம்போக்கில் பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்கு இடி விழுவது இங்கேதான். பட்டா இல்லாதவர்கள் வீட்டுவரி, மின் இணைப்பு, குடும்ப அட்டை மூன்றும் ஒரே முகவரியில் இருக்கும்படியாவது சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கேதான் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட நாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிப்போன கணக்கும், ஆதார் இணையாத கணக்கும் எல்லாம் முடிந்த பிறகு பணத்தைத் திருப்பி அனுப்பிவிடும். வங்கிக்குப் போய்ப் பத்து ரூபாயாவது போட்டு எடுத்து, பாஸ்புக்கில் பதிந்து வாருங்கள்.

மாடு வைத்திருப்பவர்கள் காதில் மஞ்சள் வில்லை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 12 இலக்க எண் இருக்கும். மாட்டை முகத்தோடு, அந்த எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து மகன், மகள் கைபேசிக்கு அனுப்பிவிடுங்கள். செத்த மாடு யாருடையது என்ற கேள்வி வரும்போது இந்த ஒரு படம் பெரிய காப்பு.

மேலே சொன்ன எல்லாவற்றையும் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது. அசலை பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். வெள்ளத்தில் போய்விட்டால் கலங்க வேண்டாம். குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை போன்றவற்றை மறுபடி வாங்கப் பெரிய வெள்ளங்களுக்குப் பிறகு சிறப்பு முகாம் போடுகிறார்கள், தேதியை வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள்.

3. இழப்பைத் தலைப்பு தலைப்பாக எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். "எங்கள் வீடு, மாடு, நிலம் எல்லாம் போய்விட்டது, நிவாரணம் தருக" என்று எழுதும் மனு எந்த மேசையிலும் நிற்காது. அந்த மேசையில் உள்ள பதிவேட்டில் ஒவ்வொரு இழப்புக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. கட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பேனா நகரும்.

வீடு: முழுமையாக இடிந்த வீட்டுக்கு, ஓட்டு வீடோ மாடி வீடோ, சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000. குறைந்தது 15 விழுக்காடு சேதமான வீடு பகுதிச் சேதம். அதற்குக் காங்கிரீட் போன்ற உறுதியான வீடானால் 6,500, மண்சுவர் வீடானால் 4,000. குடிசைக்கு 8,000, ஃபெஞ்சலுக்கு மாநில அரசு இதை 10,000 ஆக்கி, முழுக்கப் போன குடிசைகளுக்குக் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் முன்னுரிமையும் அறிவித்தது. வீட்டை ஒட்டிய மாட்டுக்கொட்டகைக்குத் தனியாக 3,000 உண்டு. இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

துணி, பாத்திரம்: வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ, முழுமையாக இடிந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் கடுமையாக நீர் சூழ்ந்திருந்தாலோ ஒரு குடும்பத்துக்குத் துணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. இது குடும்பத்துக்கான தொகை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுச் சேதத் தொகை கேட்க முடியாது, இதைக் கேட்கலாம்.

காயம்: ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறும் அளவுக்குப் பலத்த காயமானால் 16,000, அதற்குக் குறைவானால் 5,400. கை, கால், கண் இழப்புக்கு ஊனம் 40 முதல் 60 விழுக்காடு என்றால் 74,000. 60க்கு மேல் என்றால் 2,50,000. அரசு மருத்துவர் சான்று அவசியம்.

கால்நடை: கறவை மாடு, எருமைக்கு 37,500. உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. கறவையில் ஒரு குடும்பத்துக்குப் பெரியது (மாடு, எருமை) மூன்று அல்லது சிறியது (ஆடு) முப்பது என்பது உச்சவரம்பு.

பயிர்: 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமானால் மட்டும். எக்டேருக்குப் பாசனப் பயிர் 17,000, மானாவாரி 8,500, பல்லாண்டுப் பயிர் 22,500. அதிகபட்சம் இரண்டு எக்டேர், அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கர். நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் பார்த்தால் சுமார் 6,880 ரூபாய் வரும். "எக்டேருக்கு" என்பதை "ஏக்கருக்கு" என்று படித்துவிட்டு, பணத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். வயலில் மணல் ஏறியிருந்தால் அதை அகற்றத் தனித் தலைப்பு உண்டு.

நெசவாளர், குயவர் போன்ற கைவினைஞர்கள் சேதமான கருவிக்கு 5,000, மூலப்பொருளுக்கு 5,000 கேட்கலாம். மீனவர்கள் படகுக்கும் வலைக்கும் மீன்வளத்துறை வழியாகப் போக வேண்டும். படகின் பதிவு எண் இல்லாமல் பேச்சே தொடங்காது.

கடைச் சரக்கு, இருசக்கர வாகனம், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றுக்கு இந்த நிதியில் தலைப்பே இல்லை. அவற்றுக்கு நீங்கள் எடுத்திருக்கும் காப்பீடுதான் வழி. மனுவில் இவற்றையும் சேர்த்து நீட்டினால் கிடைக்க வேண்டியதும் தாமதமாகும்.

ரேஷன் கடையில் கொடுப்பது இவை எதிலும் சேராது. 2023 மிக்ஜாம் புயலுக்குச் சென்னையிலும் சுற்றுப் பகுதிகளிலும் 6,000, ஃபெஞ்சலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் 2,000 என்று கொடுத்ததெல்லாம் அந்தந்தப் புயலுக்கு மாநில அரசு அறிவித்தவை. போன புயலுக்குக் கொடுத்தார்களே என்று இந்தப் புயலுக்கும் எதிர்பார்க்க முடியாது. அதை வாங்கிவிட்டதால் வீட்டுக்கும் மாட்டுக்கும் கேட்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம்.

4. தண்ணீர் வடியும் நாட்களில்

சுத்தம் செய்யும் முன் படம் எடுங்கள். சேறு அப்பிய சுவரில் நீர் நின்ற கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்து எடுத்தால் உயரம் புரியும். வீட்டு எண்ணோ மின் மீட்டரோ ஒரு படத்திலாவது இருக்கட்டும். இடம், தேதி, நேரம் படத்தின் மேலேயே விழும்படி செய்யும் கேமரா செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இடிந்த சுவரை நான்கு பக்கத்திலிருந்தும் எடுங்கள், கூரை விட்டம் உடைந்திருந்தால் அதையும். அகற்றியே ஆக வேண்டிய ஆபத்தான சுவர் என்றால் வீடியோ எடுத்துவிட்டு அகற்றுங்கள். பக்கத்து வீட்டார் இருவர் கூட இருக்கட்டும்.

படம் எடுத்த கையோடு தகவல் கொடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அவசர மையம் 1070. பேசியவுடன் புகார் எண் கேட்டு, தேதி நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். பிற்பாடு "நீங்கள் சொல்லவே இல்லையே" என்ற பேச்சு வராது. பிறகு வி.ஏ.ஓ.வுக்குக் கைப்பட ஒரு மனு, நகலில் கையெழுத்து. மனு இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, மேற்படி கிராமம், மேற்படி தெரு, கதவு எண் உள்ள வீட்டில் குடியிருக்கிறேன். இந்தத் தேதியில் புயல் வெள்ளத்தால் எனக்கு ஏற்பட்ட இழப்பு: (1) மண்சுவர் ஓட்டு வீடு, மூன்று சுவர் இடிந்து கூரை இறங்கி, குடியிருக்க முடியாத நிலை. (2) வீட்டை ஒட்டிய மாட்டுக்கொட்டகை. (3) கறவை மாடு ஒன்று, காது வில்லை எண் இது. (4) இரண்டு நாளுக்கு மேல் நீர் சூழ்ந்ததால் துணி, பாத்திரம். புல எண் இன்னதில் நெல் சேதத்துக்குத் தனி மனு தந்துள்ளேன். நேரில் பார்வையிட்டு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உரிய தொகை வழங்க வேண்டுகிறேன்."

இவ்வளவுதான். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இணைப்பாக ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக் முதல் பக்கம், பட்டா அல்லது வீட்டுவரி ரசீது, படங்கள். நகல் எடுக்கும் செலவைத் தவிர வேறு செலவில்லை. கணக்கெடுப்புக்கும் பட்டியலில் பெயர் ஏற்றவும் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. யாராவது கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம்.

5. கணக்கெடுக்க வருபவர் முன்னால்

நிவாரணத்தின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. வி.ஏ.ஓ.வும் கிராம உதவியாளரும் வந்து பார்ப்பார்கள். வருவாய் ஆய்வாளர் சரிபார்ப்பார். பட்டியல் வட்டாட்சியருக்குப் போகும். அங்கிருந்து கோட்டாட்சியர், ஆட்சியர். மேலே போகப் போக உங்கள் வீட்டை நேரில் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். முதலில் எழுதிய சொல்தான் கடைசி வரை போகும்.

எங்கள் அத்தை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பின்பக்கச் சுவரும் பக்கச் சுவர்களும் கரைந்துபோய் ஓடு பாதி இறங்கி நின்றது. தெருப்பக்கச் சுவரும் வாசக்காலும் மட்டும் முழுசாக இருந்தன. கணக்கெடுக்க வந்தவர் வாசலிலேயே நின்று, "முன்னாடி நல்லாத்தானேம்மா இருக்கு, பகுதின்னு போட்டுக்கறேன்" என்று எழுதத் தொடங்கினார். அத்தை, "கொஞ்சம் பின்னாடி வந்து பாத்துட்டு எழுதுங்க சார்" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். பார்த்த பிறகு அவரே அடித்துவிட்டு "முழு" என்று எழுதினார். மண்சுவர் வீட்டுக்கு அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே 1,16,000 ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. அவர் மேல் குற்றம் சொல்லவில்லை. ஒரே நாளில் எத்தனையோ வீடு பார்க்க வேண்டியவர். ஆனால் அத்தை வீட்டில் இல்லாமல் முகாமிலேயே இருந்திருந்தால் 4,000 ரூபாயோடு கதை முடிந்திருக்கும்.

ஆகவே கணக்கெடுப்பு நாளில் வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் பக்கத்து வீட்டில் நகலும் படமும் கொடுத்துவிட்டுப் போங்கள். வருபவரிடம் இவற்றைக் கேளுங்கள், மரியாதையாக, ஆனால் விடாமல்:

என்ன வகை வீடு என்று எழுதினீர்கள்? மண்சுவர் ஓட்டு வீட்டைக் குடிசை என்று எழுதினால் தொகையே மாறிவிடும். கூரை எதனால் ஆனது, சுவர் எதனால் ஆனது என்று காட்டுங்கள்.

முழுவதா, பகுதியா? பகுதி என்றால் காரணம் என்ன? குடியிருக்க முடியுமா முடியாதா என்பதைக் குறிக்கச் சொல்லுங்கள். உறுதியான வீடு விரிசல் விட்டுச் சாய்ந்திருந்தால், பொறியாளரை வைத்துப் பார்க்கும்படி அன்றே எழுதிக் கொடுங்கள்.

பெயர், ஆதார் எண், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு சரியா? எழுதியதை உங்கள் கண்ணால் ஒரு முறை படியுங்கள். வங்கிகள் இணைந்த பிறகு பழைய பாஸ்புக்கில் உள்ள குறியீடு செல்லாது. நிறையப் பேருக்குப் பணம் திரும்பிப் போவது இதனால்தான்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்ப அட்டை இருந்தால் இரண்டையும் காட்டுங்கள். வீட்டுத் தொகை வீட்டுக்கு ஒன்றுதான்; துணி, பாத்திரத் தொகை குடும்பத்துக்கு.

இல்லாததைச் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுச் செத்த மாட்டைக் காட்டிப் பணம் கேட்பது, பழைய இடிந்த சுவரைப் புயலில் விழுந்தது என்பது போன்ற பொய்க் கோரிக்கைக்குப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஒருவர் அப்படிச் செய்தால் தெரு முழுவதையும் மறு ஆய்வு என்று நிறுத்தி வைத்துவிடுவார்கள். உண்மையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல.

6. உயிர் போயிருந்தால்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் குடும்பத்தில் ஒருவராவது நிதானமாக இருந்து செய்ய வேண்டியவை இவை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் உடற்கூறாய்வு செய்ய வேண்டும். "அறுக்க வேண்டாம், அப்படியே எடுத்துப் போய்விடலாம்" என்று உறவினர்கள் சொல்வார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனால் நீரில் மூழ்கியோ சுவர் விழுந்தோ மின்னல் தாக்கியோதான் இறந்தார் என்பதற்கு வேறு சான்று இருக்காது. இறப்புக்கான காரணச் சான்று இல்லாமல் இந்தத் தொகை கிடைக்காது. உடற்கூறாய்வுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள், அதற்கும் கட்டணமில்லை. அடுத்தது வாரிசு சான்றிதழ், இ-சேவை வழியாக. எல்லா வாரிசுகளின் ஆதாரும் தேவைப்படும் என்பதால் வெளியூரில் இருப்பவர்களிடம் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மத்திய வரையறைப்படி தொகை 4 லட்சம். மிக்ஜாமுக்கும் ஃபெஞ்சலுக்கும் மாநில அரசு 5 லட்சமாகக் கொடுத்தது. மற்ற தலைப்புகளை விட இது சீக்கிரம் வரும். பெரும்பாலும் காசோலையை நேரில் வந்து கொடுப்பார்கள். வாரிசுகளுக்குள் தகராறு இருந்தால் மட்டும் இழுக்கும். பெற்றோர், மனைவி, பிள்ளைகள் யாருக்கு எந்தப் பங்கு என்பதை எழுத்தில் பேசி முடித்துவிடுவது அந்தக் குடும்பத்துக்கு நல்லது.

7. மாடும் வயலும்

செத்த மாட்டை நாற்றம் தாங்காமல் உடனே புதைத்துவிடுகிறார்கள். அரசுக் கால்நடை உதவி மருத்துவர் வந்து பார்த்துச் சான்று தந்த பிறகுதான் புதைக்க வேண்டும். வர முடியாத நிலைமை என்றால் அவருக்கு வீடியோ அனுப்பி, தொலைபேசியில் கேட்டு, வி.ஏ.ஓ. முன்னிலையில் புதையுங்கள், காது வில்லையை அறுத்துப் பத்திரப்படுத்துங்கள். மாடு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தால் உங்களிடம் மாடு இருந்தது என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கும். பால் சொசைட்டியில் ஊற்றிய கணக்கு அட்டை, கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்ட பதிவு, வில்லை எண் படம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

பயிருக்கு வருவாய்த்துறையும் வேளாண்மைத் துறையும் கூட்டாக வயலைப் பார்க்கும். நீங்கள் வரப்பில் இருக்க வேண்டும். குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் அடங்கலில், அதாவது வி.ஏ.ஓ. வைத்திருக்கும் பயிர்க் கணக்கில், சாகுபடியாளர் என்று தங்கள் பெயர் இருக்கிறதா என்று விதைத்த உடனேயே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பணம் நிலச் சொந்தக்காரர் கணக்குக்குப் போகும்; அதை அவரிடமிருந்து வாங்குவது தனிப் போராட்டம்.

பயிர்க் காப்பீடும் நிவாரணமும் வேறு வேறு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் சேர்ந்திருந்தால், தனி வயலில் ஏற்பட்ட சேதத்தை 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் மனு கொடுத்தாயிற்று என்று இதை விட்டுவிடாதீர்கள். இரண்டு துறைகளும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

8. பணம் ஏறும் வரை

குடிசைக்கும் துணி, பாத்திரத்துக்கும் முதலில் வரும். முழுச் சேத வீட்டுக்கும் பயிருக்கும் மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை கைபேசி எண்ணை மாற்றாதீர்கள். நிவாரணப் பணம் ஏறிய அன்றே கடன் தவணைக்குப் பிடித்துக்கொள்ளும் கணக்கு என்றால், மனுவிலேயே வேறு கணக்கு எண்ணைக் கொடுப்பது நல்லது.

9. பட்டியலில் பெயர் இல்லை என்றால்

பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் நேரில் போய், பெயரும் தலைப்பும் என்னவென்று கேளுங்கள். விடுபட்டிருந்தாலோ தலைப்பு தவறாக இருந்தாலோ அன்றே மனு. விடுபட்டவர்களுக்காகத் துணைப் பட்டியல் போடுவார்கள். அது சீக்கிரம் மூடிவிடும், காத்திருக்காதீர்கள்.

அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவைப் பதிவு செய்து எண் வாங்காமல் கூட்டத்தில் நீட்டிவிட்டு வராதீர்கள். வெளியூரில் இருப்பவர்கள் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் பதியலாம். எதிலும் முதல் மனுவின் தேதியையும் 1077 புகார் எண்ணையும் குறிப்பிடுங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் எனக்குத் தரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். இந்தக் கிராமத்தில் இந்தப் புயலுக்கான வீட்டுச் சேதக் கணக்கெடுப்புப் பதிவேட்டின் நகல், என் வீட்டுக்கு எழுதப்பட்ட பதிவு, பயனாளிகள் பட்டியல் அனுப்பப்பட்ட தேதி ஆகியவற்றைக் கேட்டால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணமில்லை. எங்கள் ஊரில் இரண்டு குடும்பங்களுக்கு, பதிவேட்டு நகல் கேட்ட மனு போய்ச் சேர்ந்த பிறகுதான் மறு ஆய்வுக்கு ஆள் வந்தது.

வழக்குப் போடலாம் என்று யாராவது சொல்லி, முன்சீப் கோர்ட்டில் பணத்தைக் கரைத்துவிடாதீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி எடுத்த நடவடிக்கைகளை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும்தான் விசாரிக்க முடியும் என்று அதன் 71ஆம் பிரிவு சொல்கிறது. உயர் நீதிமன்றம் என்றதும் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், வெள்ளம், வறட்சி போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்றுக்காக அலைய வேண்டியதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது 15100க்கு அழைக்கலாம். போகும்போது வி.ஏ.ஓ. கையெழுத்திட்ட முதல் மனு நகல், படங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில் மூன்றையும் தேதி வரிசையில் கோத்து எடுத்துப் போங்கள்.